மேற்குப் பக்கத்துப் பஞ்சு

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் நன்றாக இருக்கும், மெம்பர் அம்மா. தலைக்கு நேரே காற்று அடித்தால் மறுநாள் எனக்குக் கழுத்து திரும்பாது. போதும், அவ்வளவுதான். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன். சிவசங்கரி மெம்பர் ஒரு விஷயத்தை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வாய் திறப்பார் என்று இந்த வார்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அதனால்தான் ஸ்டேஷனுக்குப் போகாமல் இங்கே வந்தேன்.

முதலில் எங்கள் வீட்டுக்குக் கூரை போட்ட சோலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் தம்பி சிவப்பிரகாஷ் அவர்மேல் உங்களிடம் பிராது எழுதிக் கொடுத்திருக்கிறான். வெயில் இறங்காமல் இருக்கக் கூரைக்குள் போடவேண்டிய பஞ்சைப் போடாமல் திருடிக்கொண்டு போய்விட்டார் என்று. அது தப்பு. சோலை மேஸ்திரி பஞ்சைச் சரியாகத்தான் போட்டார். ஓர் அடிகூடக் குறைக்கவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தென்னந்தோப்புக்கு நடுவே, ஒரே முகடு, இரண்டு பக்கமும் சாய்ப்பு. கிழக்குச் சாய்ப்புக்குக் கீழே நானும் என் மனைவி ராமாத்தாளும். மேற்குச் சாய்ப்புக்குக் கீழே சிவப்பிரகாஷ், அவன் மனைவி யோகப்பிரியா, மகள் மௌனிகா. முகட்டுக்கு நேர் கீழே ஒரு சுவர். அந்தச் சுவர் எழும்பி இரண்டு வருஷம் ஆகிறது. சண்டை எதுவும் இல்லை. ராமாத்தாளுக்கு விளக்கு வைத்ததும் சீரியல் பார்க்கவேண்டும். யோகப்பிரியாவுக்கு அதே நேரத்தில் மௌனிகாவைப் படிக்க வைக்கவேண்டும். சுவர் வைத்துக்கொள்ளலாமா என்று தம்பி மரியாதையாகக் கேட்டான். நானும் மரியாதையாகச் சரி என்றேன். செங்கல்லைத் தண்ணீரில் நனைத்ததே நான்தான்.

எனக்குக் குழந்தை இல்லை. சிவப்பிரகாஷ் என்னைவிடப் பதினெட்டு வயது இளையவன். அவனுக்கு அந்தப் பெயரை வைத்ததும் நான்தான். அப்புசாமி என்கிற பெயரோடு பள்ளிக்கூடத்தில் நான் பட்ட பாடு அவனுக்கு வேண்டாம் என்று. சுவருக்குப் பிறகு அவன் என்னைப் பார்க்க வரவே இல்லை என்று சொல்லமாட்டேன். மாதம் ஒரு தடவை வந்தான். தேங்காய் போட ஆள் வந்தாரா என்று கேட்டுவிட்டு நின்றபடியே போய்விடுவான். மௌனிகா வேனில் ஏறும்போது கையை ஆட்டுவாள். அதையும் வேன் டிரைவருக்கும் சேர்த்துத்தான் ஆட்டுகிறாள் என்று போகப் போகத் தெரிந்தது.

போன மழையில் இரண்டு பக்கமும் ஒழுகியது. கைமரங்கள் பாதி உளுத்திருந்தன. முகடு ஒன்றாக இருப்பதால் கூரையைப் பாதி பிரிக்க முடியாது. முழுதாக மாற்றுவது என்று முடிவானது. சோலையைப் பிடித்தது தம்பிதான். பீர்மேட்டுக்காரர். மூணாற்றிலும் மாட்டுப்பட்டியிலும் லாட்ஜுகளுக்குக் கூரை போட்டே பழகினவர். வந்த அன்றைக்கே வாசலில் குந்தி உட்கார்ந்து ஒரு குச்சியால் மண்ணில் படம் போட்டுக் காட்டினார்.

"முதல்ல கைமரத்துக்கு மேல பலகை அடிச்சு மூடிருவோம் அண்ணாச்சி. பலகைக்கு மேல சாய்வாக்குல ரெண்டங்குலக் கட்டை. கட்டைக்கு நடுவுல பஞ்சு. பஞ்சுக்கு மேல வெள்ளிச் சீட்டு. அதுக்கு மேல குறுக்க ரீப்பர் அடிச்சு, கடைசியிலதான் ஓடு. எங்க ஊர்ல குளிரு உள்ள வராம இருக்க போடுதோம். இங்க வெயிலு வராம இருக்க போடுதோம். பஞ்சுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"ஊடு குளுகுளுன்னு இருக்குமுங்களா?" என்று தம்பி கேட்டான்.

"பங்குனி மாசம் போர்வை கேப்பீக," என்றார் சோலை.

கூரையைப் பிரித்தபின் ஒரு மாதத்துக்குமேல் நாங்கள் எல்லோரும் கட்டுத்தரையை ஒட்டித் தார்ப்பாய் கட்டி இருந்தோம். மாடுகள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். ஒரே அடுப்பு. ராமாத்தாள் குழம்பு வைப்பாள், யோகப்பிரியா சோறு வடிப்பாள். மௌனிகா பலகைகளை எண்ணி எண்ணிச் சோலைக்குத் தப்பான கணக்குச் சொல்வாள். ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது, சிவப்பிரகாஷ் பேசிக்கொண்டே கையை நீட்டி என் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துத் தின்றான். என்னைக் கேட்கவில்லை. எடுத்ததே அவனுக்குத் தெரியாது. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. எனக்கு நினைவு இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமையோடு பலகை, கட்டை, பஞ்சு, சீட்டு எல்லாம் முடிந்தன. சோலை அக்காள் மகள் கல்யாணத்துக்காக மூன்று நாள் பீர்மேட்டுக்குப் போனார். தம்பி குடும்பம் யோகப்பிரியாவின் ஊர் நோம்பித் திருவிழாவுக்குப் பொள்ளாச்சி போனது. ராமாத்தாளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். மாட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று நான் நின்றுகொண்டேன்.

சனிக்கிழமை காலையில் தார்ப்பாய்க்குக் கீழே தனியாக உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டேன். எதிரே கூரை வெள்ளித்தட்டு மாதிரி மின்னியது. திங்கட்கிழமை சோலை வருவார். அந்த வாரத்துக்குள் ஓடு ஏறிவிடும். தார்ப்பாயை மடிப்போம். அப்புறம் இரண்டு அடுப்பு. இதையெல்லாம் நான் வருத்தத்தோடு நினைக்கவில்லை. வேலை எங்கே நிற்கிறது என்று பார்க்கிற மாதிரிதான் நினைத்தேன். கை கழுவிவிட்டு ஏணியை மேற்குப் பக்கம் சாத்தினேன்.

பட்டப்பகலில் சொந்தக் கூரைமேல் ஏறுகிற ஆளை யாரும் எதுவும் கேட்பதில்லை. பால் ஊற்றப் போனவர்கள் கையைக்கூடக் காட்டினார்கள். சீட்டின் ஓரத்தில் சோலை அடித்திருந்த பின்களை ஒவ்வொன்றாக நெம்பி, சீட்டைப் பாய் மாதிரிச் சுருட்டி, பஞ்சை எடுத்துக் கீழே போட்டேன். பிறகு சீட்டைப் பழையபடி விரித்து, பின் அடிப்பதற்குச் சோலை வைத்துவிட்டுப் போயிருந்த கருவியாலேயே அடித்தேன். கட்டை இரண்டங்குலம் உயர்ந்து நிற்பதால் உள்ளே பஞ்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மேலே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டு நாள் ஆயிற்று. இந்த வயதில் அது குறைந்த நேரம் என்றே நினைக்கிறேன்.

நான் எடுத்தது பஞ்சை மட்டும். பலகையில் கை வைக்கவில்லை. சீட்டை ஓர் இடத்திலும் கிழிக்கவில்லை. மழை பெய்தால் ஒரு சொட்டுகூட அவர்கள்மேல் விழக்கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருந்தேன்.

அந்தப் பஞ்சு கண்ணாடி நாராம். எனக்குத் தெரியாது. நான்கு நாள் கழுத்திலிருந்து முழங்கால்வரை அரித்தது. கம்பளிப்பூச்சி ஊர்ந்துவிட்டது என்று ராமாத்தாளிடம் சொன்னேன். அவள் தேங்காயெண்ணெய் தடவிவிட்டு, முருங்கை மரத்தில் பூச்சியைத் தேடினாள். பஞ்சு முழுவதையும் தோட்டத்து மோட்டார் ரூமில் சிமென்ட் சீட்டுக்குக் கீழே அடுக்கினேன். இந்த வட்டாரத்திலேயே குளுமையான மோட்டார் ரூம் எங்களுடையதுதான். மோட்டார் இந்தக் கோடையில் ஒரு தடவைகூடச் சூடாகி நிற்கவில்லை.

சோலை திரும்பி வந்து மேற்குப் பக்கம் ரீப்பர் அடிக்கும்போது ஒரு தடவை நின்றார். "என்ன அண்ணாச்சி, சீட்டு தொளதொளன்னு கெடக்கு?" என்றார். காற்று பலமாக அடித்தது என்றேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி அவரும் கேள்விப்பட்டிருந்தார். இழுத்துப் பின் அடித்துவிட்டு ஓட்டைப் பரப்பினார்.

பங்குனியில் வெயில் ஏறியது. முதலில் வந்தது மௌனிகா. பள்ளி விட்டு வந்து பையோடு நேரே எங்கள் கூடத்துக்குள் நுழைந்து தரையில் குப்புறப் படுத்தாள். "பெரியப்பா, உங்க ஊட்டுத் தரை ஐஸ்கிரீம் மாதிரி இருக்குது," என்றாள். மறுநாள் யோகப்பிரியா காய் நறுக்குகிற பலகையோடு வந்தாள். "ஊட்டுக்குள்ள போனா தலை கிறுகிறுங்குதுங்க மாமா," என்று கதவருகிலேயே நின்றாள். உள்ளே வா அம்மிணி, இதுவும் உன் வீடுதானே என்றேன். அதற்கடுத்த நாள் சிவப்பிரகாஷ் வந்தான். கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் அவனுக்கு ராத்திரி ஷிப்டு. பகலில் தூங்கியாகவேண்டும். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஏனுங்ணா, இங்க ஒரு ஓரமாப் படுத்துக்கட்டுங்களா?" என்றான்.

தார்ப்பாய்க்குக் கீழே இருந்த நாட்களை விட்டால், அவன் குறட்டையைச் சுவர் இல்லாமல் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மௌனிகா வாய்ப்பாடு எழுதினாள். ராமாத்தாளும் யோகப்பிரியாவும் மாங்காய் அரிந்தார்கள். சீரியலை ராமாத்தாள் தானாகவே விட்டுவிட்டாள். நான் யாரையும் வரச்சொல்லவில்லை என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அவர்களாகத்தான் வந்தார்கள்.

மேற்கே மட்டும் ஏன் இப்படி என்று தம்பி கேட்காமல் இல்லை. சோலையிடம் கேட்கச் சொன்னான். நான் கேட்டுவிட்டதாகச் சொன்னேன். பலகை புதுசு, முதல் கோடையில் சூட்டைக் கக்கும், அடுத்த வருஷம் சரியாகிவிடும் என்று சோலை சொன்னதாகச் சொன்னேன். முகட்டுக்குக் கீழே சூடு வெளியேறுவதற்குச் சோலை சந்து விட்டிருந்தார். மேற்குப் பக்கத்துச் சந்தை மட்டும் தேங்காய் நாரால் அடைத்தேன். அணில் புகுந்தால் குழந்தை பயப்படுவாள்.

சித்திரையில் தம்பி ஏசி வாங்கி மாட்டினான். நான் எதிர்க்கவில்லை. நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்கு என்றுதான் சொன்னேன். ஆனால் வீட்டுக்கு மீட்டரும் பியூஸ் பெட்டியும் என் பக்கத்துச் சுவரில் இருக்கின்றன. மத்தியானம் சாப்பிட்டதும் அவர்கள் ஏசிக்குப் போகிற பியூஸைக் கொஞ்சம் தளர்த்துவேன். நான்கு மணிக்கு இறுக்குவேன். ஜெகன் என்கிற ஏசி மெக்கானிக் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் காலையில் வந்ததால் ஏசி நன்றாக ஓடியது. நல்ல பையன். கடைசித் தடவை அவரே ஏசியிடம், "என்னதான் வேணும் உனக்கு?" என்று கேட்டார்.

யோகப்பிரியா ஒரு நாள் அடுப்படியில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் காலையும் மாலையும் இளநீர் வெட்டிக்கொண்டு போய்க் கொடுத்தது நான்தான். சிவப்பிரகாஷுக்குப் பொறுமை போய்விட்டது. "பஞ்சு போட்ட ஊடு ஆளு மயங்கற அளவுக்கா சுடும்? உன்ற ஒடம்புதான் சூட்டு ஒடம்பு," என்று அவளிடம் கத்தினான். நான் நடுவில் புகுந்து அவனைச் சமாதானப்படுத்தி, தைராய்டாக இருக்கலாம், ரத்தம் பரிசோதித்துப் பார்க்கலாம் என்றேன். மூன்று இடத்தில் ரத்தம் கொடுத்தாள். மூன்றிலும் ஒரு கோளாறும் இல்லை என்று வந்தது. எனக்கு உண்மையாகவே நிம்மதியாக இருந்தது. அந்தக் காகிதங்களைப் பார்த்து அவள்தான் அழுதாள். "நான் பொய் சொல்றேன்னு அவரு நெனைக்கறாருங்க. நீங்க ஒருத்தருதான் என்ற பேச்ச நம்பறீங்க மாமா," என்றாள். அவள் சொன்னது சரி. மேற்கே சூடு என்பதை இந்த வீட்டில் என்னைவிட உறுதியாக நம்பியவர் யாரும் இல்லை.

மௌனிகாவுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. அடிக்கடி இல்லை. நிறைய வந்தது ஒரே ஒரு தடவைதான். அதற்கப்புறம் பள்ளிக்கூட லீவு முழுவதும் அவள் பகலில் எங்கள் பக்கமே இருந்துவிட்டாள். அதனால் அதுவும் நின்றது.

ராமாத்தாளுக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். வைகாசி பிறந்ததும் ஒரு நாள் அவள் மோட்டார் ரூமுக்குப் போய்ச் சுவிட்சு போட்டுவிட்டு வந்தாள். வர நேரமாயிற்று. வந்து என் எதிரே நின்று, "மோட்டார் ரூமு ரொம்பக் குளுகுளுன்னு இருக்குதுங்க," என்றாள். நான் ஆமாம் என்றேன். அவள் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் உள்ளே போய் ஐந்து பேருக்கும் அரிசி களைந்தாள். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு.

மயில் இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. எங்கள் தோப்பில் மயில் தொல்லை எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஒன்று தென்னையிலிருந்து மேற்குக் கூரைமேல் பொத்தென்று குதித்து நாலைந்து ஓட்டை உடைத்தது. அதோடு சீட்டையும் கிழித்துவிட்டது. ஓடு மாற்றத் தம்பி மேலே ஏறினான். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கிழிசலுக்குள் கையை விட்டான். தோள்வரை விட்டான். அங்கும் இங்கும் துழாவினான்.

"அண்ணா, இங்க பஞ்சே இல்லீங்ணா."

"எலி தின்னிருக்கும்," என்றேன்.

மேலும் பத்து ஓட்டை எடுத்துப் பார்த்தான். அத்தனை பஞ்சையும் தின்ற எலி இந்தப் பக்கத்தில் நடமாட முடியாது என்று அவனுக்கே தோன்றிவிட்டது. ஏணியில் உட்கார்ந்தபடியே போன் செய்து சோலையைத் திட்டினான். நான் சோலை பெயரை எடுக்கவில்லை. அவனாகத்தான் அங்கே போய்ச் சேர்ந்தான்.

சோலை மறுநாளே பஸ் பிடித்து வந்தார். வாசலுக்குள் அவரை விடாமல் தம்பி வழிமறித்து, என்னென்னவோ பேசினான். சோலை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "இருவது வருசமா கூரை போடுதேன் அண்ணாச்சி. சோலை ஒரு துண்டுப் பஞ்சு எடுத்தாம்னு ஒருத்தன் சொன்னதில்ல. நீங்க கீழ நின்னு பாத்துக்கிட்டேதான இருந்தீக? நீங்களே சொல்லுங்க." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெயிலில் வந்திருக்கிறீர்கள், முதலில் மோர் குடியுங்கள் என்றேன். அவர் குடிக்கவில்லை. ராமாத்தாள் கொண்டுவந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. இன்றைக்கு ஒன்பது நாள். மூணாற்றில் ஒரு லாட்ஜ் வேலையும் சோலை கையைவிட்டுப் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். தம்பி அங்கேயும் போன் செய்து சொல்லியிருக்கிறான்.

இத்தனை நாள் சொல்லாமல் இருந்துவிட்டு இன்றைக்கு ஏன் வந்தேன் என்பது நியாயமான கேள்விதான். நேற்றுக் காலையில் யோகப்பிரியாவும் மௌனிகாவும் துணிமணியெல்லாம் எடுத்துக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போய்விட்டார்கள். இந்தக் கூரையை இன்னொரு ஆள் வைத்துக் கட்டத் தனக்குத் தெம்பு இல்லை என்று சிவப்பிரகாஷ் சொன்னான். மேற்குப் பாதியை விற்றுவிட்டு, மாமனார் ஊரிலேயே வீடு பார்க்கப் போகிறானாம். "இந்த ஊடு எங்களுக்கு ராசியில்லீங்ணா," என்றான். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க இல்லீன்னா இந்தக் கோடையத் தாண்டியிருக்கவே மாட்டோம்," என்றான். அந்தக் கையை விடுவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அதனால் இது ஒரு சின்ன வேலைதான், மெம்பர் அம்மா, நீங்கள் பேசினால் ஒரே நாளில் முடியும். பஞ்சை எடுத்தது அப்புசாமியாகிய நான். முகட்டுச் சந்தில் நார் அடைத்தது நான். பியூஸைத் தளர்த்தியது நான். மூன்றையும் நான் சொன்னபடியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சோலைமேல் கொடுத்த பிராதைத் தம்பி திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். மூணாற்று லாட்ஜுக்கு நானே போன் செய்து சொல்கிறேன். பஞ்சு கெட்டுப்போகவில்லை, ஒரு துளி ஈரம் படாமல் மோட்டார் ரூமில் அப்படியே இருக்கிறது. இடவப்பாதிப் பருவமழை பிடிக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. சோலையே வந்து ஓட்டை இறக்கி, பஞ்சைப் போட்டு, மூடிவிடலாம். வீட்டில் ஒரு குறையும் இல்லை, சூடு என்றைக்குமே வீட்டுடையது இல்லை என்று சிவப்பிரகாஷிடம் எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பான். விற்க வேண்டிய அவசியமே இல்லை. என்மேல் அவனுக்குக் கோபம் வரும். வரட்டும். ஒரு மழைக்காலத்துக்குள் தீர்ந்துவிடும். அவனை வளர்த்தவன் நான், எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு விஷயம் மட்டும். மேற்கே மூன்று அறை இருக்கிறது. இரண்டு அறைக்குப் பஞ்சு போடட்டும். மௌனிகா படிக்கிற அறையை இப்போது இருக்கிறபடியே விட்டுவிடச் சொல்லுங்கள்.